நுண்ணுயிரியின் வரவு செலவுக் கணக்கு

நீரிழிவு நோயாளிகள் நாள்தோறும் செலுத்திக்கொள்ளும் இன்சுலின், ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1978-இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அந்த பாக்டீரியாவைக் கொண்டே இன்சுலினைத் தயாரிக்க முடியும் என்று அறிவியலாளர்கள் காட்டினர். 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. மரபணுப் பொறியியலின் முதல் பெரும் வெற்றி இதுதான். ஒரு நுண்ணுயிரிக்குப் பொருத்தமான மரபணுவைக் கொடுத்துவிட்டால், நமக்கு வேண்டிய பொருளை அது செய்து தந்துவிடும் என்ற நம்பிக்கை அன்றிலிருந்து பொதுமக்களிடம் மட்டுமன்றி முதலீட்டாளர்களிடமும் வேரூன்றிவிட்டது.

இந்த நம்பிக்கை பாதி உண்மை. ஒரு நோயாளிக்கு ஓராண்டு முழுவதற்கும் தேவைப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு கிராமைத் தாண்டாது. இவ்வளவு சிறிய அளவில், இவ்வளவு உயர்ந்த மதிப்பில் விற்கப்படும் பொருளைத் தயாரிக்கும்போது, பாக்டீரியாவுக்கு ஊட்டிய சர்க்கரையில் எவ்வளவு வீணாயிற்று என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால், நெகிழி, செயற்கை இழை, கரைப்பான் போன்றவை டன் கணக்கில் விற்கப்படுபவை. கச்சா எண்ணெயிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அவற்றோடு ஒரு நுண்ணுயிரி போட்டியிட வேண்டுமானால், ஊட்டப்படும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் அறிவியல் கடந்த 30 ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. ‘வளர்சிதை மாற்ற மாதிரியாக்கம்’ என்பது அதன் பெயர்.

இயற்கையில் இல்லாத பொருள்: திருப்பூரில் தைக்கப்படும் உள்ளாடைகளும் விளையாட்டு உடைகளும் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குச் சுருங்குவதற்குக் காரணம் அவற்றில் கலந்துள்ள ஸ்பான்டெக்ஸ் இழை. அந்த இழைக்கான மூலப்பொருள்களில் முக்கியமானது 1,4-பியூட்டேன்டையால் என்னும் நிறமற்ற, பிசுபிசுப்பான திரவம். கார்களிலும் மின்னணுக் கருவிகளிலும் பயன்படும் ஒருவகை உறுதியான நெகிழிக்கும் இதுவே அடிப்படை. 2011-ஆம் ஆண்டு வாக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டன் பியூட்டேன்டையால் தயாரிக்கப்பட்டுவந்தது. அதற்கான கார்பன் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே வந்தது.

இந்தப் பொருளைச் சர்க்கரையிலிருந்து தயாரிக்க முனைந்தது, அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள ஜெனோமேட்டிகா என்னும் நிறுவனம். அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியல் பேராசிரியராக இருந்த பெர்னார்டு பால்சனும், அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த கிறிஸ்டோஃப் ஷில்லிங்கும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் முன் இருந்த சிக்கல் பெரிது. பியூட்டேன்டையாலை இயல்பாகத் தயாரிக்கும் உயிரினம் எதுவும் அறியப்படவில்லை. ஆகவே, இன்சுலினுக்குச் செய்ததுபோல் மற்றோர் உயிரியிடமிருந்து ஒரு மரபணுவை எடுத்துவந்து பொருத்திவிட இயலாது. ஒரு பாதையையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது.

செல்லின் குறிக்கோள் வேறு: பாதை வகுப்பதைவிடக் கடினமான இன்னொன்றும் உண்டு. ஈ.கோலைக்கு நம் ஆலையின் இலாப நட்டம் தெரியாது. சாதகமான சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகுவதே பல கோடி ஆண்டுப் பரிணாமம் அதற்குக் கற்றுத் தந்த ஒரே தொழில். கொடுத்த சர்க்கரையை அது தன் உடலைக் கட்டுவதற்கும், அதற்கான ஆற்றலைப் பெறுவதற்கும் செலவிடும். நமக்கான பொருளைச் செய்வது அதன் பார்வையில் வீண்செலவு.

இங்குதான் தொழில்முறைத் தயாரிப்பில் பலர் தடுமாறுகின்றனர். ஆய்வகக் குப்பியில் நன்றாக உற்பத்தி செய்யும் பாக்டீரியா, பெரிய கலனுக்குப் போனதும் சோர்ந்துவிடுவதுண்டு. காரணம் எளியது. ஒரு மில்லிலிட்டரில் தொடங்கி ஒரு லட்சம் லிட்டர் கலனை நிரப்ப, பாக்டீரியாக்கூட்டம் ஏறத்தாழ 27 முறை இரட்டிக்க வேண்டும். அந்த இரட்டிப்புகளில் எங்கோ ஒரு செல்லில் தற்செயலான மரபணுப் பிழை ஏற்பட்டு, நமக்கான உற்பத்தி நின்றுபோகலாம். சுமை குறைந்த அந்தச் செல் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். சில தலைமுறைகளில் கலன் முழுவதும் உழைக்காத செல்களே நிறைந்திருக்கும். எனவே, செல்லின் நலனும் நம் நலனும் ஒன்றாகும்படி ஏதாவது செய்தாக வேண்டும். அதற்கு முதலில் செல்லின் வரவு செலவு முழுவதும் தெரிய வேண்டும்.

கணக்குப் புத்தகம் உருவான விதம்: ஈ.கோலையின் மரபணுத் தொகுதி 1997-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. எந்தெந்த மரபணு எந்தெந்த நொதியை உருவாக்குகிறது, அந்த நொதி எந்த வேதிவினையை நடத்துகிறது என்பது பல்லாண்டுக் கால உயிர்வேதியியல் ஆய்வுகளால் பெரும்பாலும் தெரிந்திருந்தது. இவற்றைப் பட்டியலிட்டால், செல்லுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் அனைத்தின் வரைபடம் கிடைத்துவிடும். பால்சனின் குழு 1999-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே என்னும் பாக்டீரியாவுக்கும், 2000-இல் ஈ.கோலைக்கும் இத்தகைய முழுமையான மாதிரிகளை வெளியிட்டது. அதன்பின் ஈ.கோலை மாதிரி தொடர்ந்து விரிவாக்கப்பட்டது. 2011-இல் வெளியான பதிப்பில் 1,366 மரபணுக்களும் 2,251 வேதிவினைகளும் இடம்பெற்றன.

வரைபடம் மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பாதையில் எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு நொதியின் வேகத்தையும் அளந்துதான் இதைக் கண்டறிய முடியும் என்றால், அது ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் உழைப்பைக் கேட்கும் வேலை. மாதிரியாக்கம் செய்பவர்கள் அந்தத் தேவையை ஓர் எளிய விதியின் துணையால் கடந்தனர். சீராக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லுக்குள் எந்த இடைப்பொருளும் குவிந்துகொண்டே போவதில்லை, அடியோடு தீர்ந்துபோவதுமில்லை. ஆகவே, ஒவ்வொரு பொருளுக்கும் உருவாகும் அளவும் செலவாகும் அளவும் சமம். இருப்பை மாற்றாமல் நடக்கும் கடையின் பேரேடு போன்றதுதான் இது. வரவும் செலவும் நேராக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எழுதினால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமன்பாடுகள் கிடைக்கும்.

சமன்பாடுகளைவிட வினைகளின் எண்ணிக்கை அதிகம் என்பதால் இவற்றுக்கு ஒரே விடை கிடையாது. செல் தன் சர்க்கரையைப் பங்கிடக்கூடிய வழிகள் எண்ணற்றவை. அவற்றுள் மிக விரைவான வளர்ச்சியைத் தருவது எது என்று கேட்கும்போது ஒரு தெளிவான விடை கிடைக்கிறது. இவ்வாறு கட்டுப்பாடுகளுக்குள் நின்று மிகச் சிறந்ததைத் தேடும் கணிதம் ‘நேரியல் திட்டமிடல்’ எனப்படும். அமெரிக்க விமானப் படையின் திட்டமிடல் பணிகளுக்காக ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் இதற்கு ஒரு பொதுவான தீர்வுமுறையை வகுத்தார். எந்த இயந்திரத்தில் எந்தப் பொருளை எவ்வளவு செய்தால் இலாபம் மிகும் என்று தொழிற்சாலைகள் கணக்கிடுவதும் இதே முறையில்தான். நம் மேல்நிலைப் பள்ளி வணிகக் கணித மாணவர்கள் வரைபடத்தாளில் இரண்டு மாறிகளோடு போடும் கணக்கு, இங்கே இரண்டாயிரம் மாறிகளோடு போடப்படுகிறது. சாதாரண மடிக்கணினியே இதைச் சில நொடிகளில் முடித்துவிடும்.

எட்ட முடியாத எல்லை: கணக்கு முதலில் சொல்லுவது, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன்களும், ஆக்சிஜனுக்கு வழங்கக்கூடிய 24 எலக்ட்ரான்களும் உள்ளன. பியூட்டேன்டையால் மூலக்கூறு ஒன்றில் நான்கு கார்பன்களும் அத்தகைய 22 எலக்ட்ரான்களும் உள்ளன. கார்பனை மட்டும் பார்த்தால், ஒரு குளுக்கோஸிலிருந்து ஒன்றரை பியூட்டேன்டையால் கிடைக்கலாம் என்று தோன்றும். எலக்ட்ரான் கணக்கு அதை அனுமதிக்காது. 24-ஐ 22-ஆல் வகுத்தால் வரும் 1.09-தான் உச்சவரம்பு. எஞ்சிய கார்பன் கரியமில வாயுவாக வெளியேறியே தீரும். எடையில் சொன்னால், 100 கிலோ குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 54 கிலோ பியூட்டேன்டையாலுக்கு மேல் எந்த நுண்ணுயிரியாலும் தர முடியாது. பாக்டீரியா தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாதபோது கிடைக்கும் அளவு இது. உயிரோடிருக்கும் பாக்டீரியா எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

இந்த எண்ணை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. உயிரித் தொழில்நுட்பம் பற்றிய எந்த வாக்குறுதியையும் இதுபோன்ற ஒரு தாளில் போடும் கணக்கைக்கொண்டு சோதித்துவிடலாம்.

மதகுகளை மூடுதல்: அடுத்தது பாதை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருள்களில் தொடங்கி, நான்கு முதல் ஆறு படிகளில் பியூட்டேன்டையாலைச் சென்றடையும் வழிகளைக் கணினி தேடியது. 10,000-க்கும் மேற்பட்ட வழிகள் கிடைத்தன. எதில் உச்ச விளைச்சல் கிடைக்கும், எதில் ஆற்றல் வீணாகாது, எதற்கான நொதிகள் ஏற்கெனவே அறியப்பட்டவை என்று வடிகட்டி, சக்சினிக் அமிலம் போன்ற மைய இடைப்பொருள்களிலிருந்து பிரியும் ஒரு பாதையை ஆய்வாளர்கள் தேர்ந்தனர். அதற்குத் தேவையான மரபணுக்கள் வேறு பாக்டீரியாக்களிலிருந்து எடுத்து ஈ.கோலைக்குள் வைக்கப்பட்டன. பாதை திறந்தது. ஆனால், அதில் செல்வதற்குச் செல்லுக்கு எந்த அவசியமும் இல்லை.

அந்த அவசியத்தை உண்டாக்கும் வழியை, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் மரனாஸ், அந்தோணி பர்கார்டு உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட ‘ஆப்ட்நாக்’ என்னும் கணக்கீட்டு முறை தந்தது. இதில் இரண்டு தரப்புகள் உள்ளன. பொறியாளர் தனக்கு வேண்டிய பொருள் மிக வேண்டும் என்று விரும்புகிறார். செல் தன் வளர்ச்சி மிக வேண்டும் என்று விரும்புகிறது. பொறியாளரால் செல்லுக்குக் கட்டளையிட முடியாது. சில மரபணுக்களை நீக்க மட்டும் முடியும். எந்த மரபணுக்களை நீக்கினால், எஞ்சியிருக்கும் பாதைகளில் தன் வளர்ச்சிக்கு உகந்ததைச் செல் தேடும்போது, நமக்கு வேண்டிய பொருளைச் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வரும்? ஆப்ட்நாக் விடை தேடும் கேள்வி இதுதான்.

இதை முயன்று பார்த்துக் கண்டுபிடிக்க இயலுமா? 1,366 மரபணுக்களில் எவையேனும் நான்கை நீக்குவதற்கு ஏறத்தாழ 14,400 கோடி வழிகள் உள்ளன. நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 4,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணக்கு இந்தத் தேடலைக் கையாளக்கூடிய அளவுக்குச் சுருக்கிவிடுகிறது.

ஈ.கோலைக்குக் கிடைத்த விடையைப் புரிந்துகொள்ள, செல்லின் ஒரு கட்டாயத்தை அறிய வேண்டும். சர்க்கரையை உடைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களைச் சில மூலக்கூறுகள் சுமந்து செல்கின்றன. பால் சங்கத்துக் கேன்களைப் போல அவற்றின் எண்ணிக்கை வரையறைக்கு உட்பட்டது. இன்று நிரம்பிய கேன் எங்காவது காலியாகித் திரும்பினால்தான் நாளை கறக்கும் பாலை ஊற்ற முடியும். காற்று நிறைய இருந்தால் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். காற்று இல்லாதபோது ஈ.கோலை அவற்றை எத்தனால், லாக்டிக் அமிலம், சக்சினிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் ஆகிய நொதிப்புக் கழிவுகளோடு சேர்த்து வெளியேற்றுகிறது. இந்தக் கழிவுகள் ஒவ்வொன்றும் ஒரு மதகு. இவற்றுக்கு வழிவிடும் நான்கு மரபணுக்களையும் நீக்கும்படி கணக்கு பரிந்துரைத்தது. நான்கு மதகுகளும் மூடப்பட்டபின், மூலக்கூறு ஒன்றுக்கு மிகுதியான எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளும் பியூட்டேன்டையாலே எஞ்சிய வடிகால். இனி, செல் வளர வேண்டுமானால் அதைச் செய்தாக வேண்டும். உழைக்காத செல்லால் வேகமாகப் பெருகவும் முடியாது.

கணக்குக்குத் தெரியாதவை: தாளில் இவ்வளவும் சரியாக இருந்தது. ஆய்வகத்தில் வேறொன்று நடந்தது. மதகுகள் மூடப்பட்ட செல்கள் எதிர்பார்த்தபடி செழிக்கவில்லை. சர்க்கரையின் கார்பனை மையச் சுழற்சிக்குள் அனுப்பும் முக்கிய நொதியொன்று, நிரம்பிய எலக்ட்ரான் சுமப்பான்கள் அதிகரித்ததும் தானே வேலையைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. வரவும் செலவும் நேராவதை மட்டும் பார்க்கும் பேரேட்டில் இந்த இயல்பு எழுதப்பட்டிருக்கவில்லை. வேறொரு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றியமைத்து வைத்து, அந்தத் தடையைத் தளர்த்தினர். காற்றை முற்றிலும் நிறுத்தாமல் சிறிதளவு செலுத்தி இயக்கினர். மேலும் சில மரபணு மாற்றங்களுக்குப் பின், லிட்டருக்கு 18 கிராம் பியூட்டேன்டையால் கிடைத்ததாக 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

இதைக் கணக்கின் தோல்வி என்று கொள்வது பிழை. எங்கே தடை இருக்கிறது என்று தேட வேண்டிய இடத்தைச் சுட்டியதும் அந்தக் கணக்குதான். எவ்வளவு முடியும் என்பது தெரிந்திருந்ததால்தான், கிடைப்பது குறைவு என்பதும் தெரிந்தது. 2002-இல் பால்சனின் குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. கிளிசராலை உணவாகக் கொடுத்தபோது, மாதிரி சொன்ன வேகத்தைவிட மிக மெதுவாகவே ஈ.கோலை வளர்ந்தது. ஆய்வாளர்கள் அதை அதே உணவில் 40 நாள்கள், ஏறத்தாழ 700 தலைமுறைகள் தொடர்ந்து வளர்த்தனர். வேகமாக வளர்பவையே நிலைத்த அந்தப் போட்டியின் முடிவில், பாக்டீரியா மாதிரி முன்கூட்டியே சொல்லியிருந்த வேகத்தை எட்டியிருந்தது. மாதிரி சொல்லுவது செல்லால் எட்ட முடிந்த நிலையை. இன்று அது இருக்கும் நிலையை அளந்துதான் அறிய வேண்டும். நொதிகளைத் தயாரிப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய மாதிரிகள் இந்த இடைவெளியைக் குறைத்துவருகின்றன. என்றாலும், நொதிகளின் கட்டுப்பாடு, பொருளின் நச்சுத்தன்மை, பெரிய கலனில் காற்றும் சர்க்கரையும் சீராகக் கலக்காமை ஆகியவற்றுக்கு இன்றும் ஆய்வகமே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலையும் சந்தையும்: ஜெனோமேட்டிகாவின் தொழில்நுட்பத்தைப் பெற்ற நோவமோன்ட் நிறுவனம், இத்தாலியின் வடபகுதியில் பொட்ரிகே என்னும் ஊரில் ஆண்டுக்கு 30,000 டன் கொள்ளளவுள்ள ஆலையை 2016-இல் திறந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எட்டிவில் என்னும் இடத்தில், மக்காச்சோளத்திலிருந்து பெறும் சர்க்கரையைக் கொண்டு இயங்கும் 66,000 டன் ஆலை அமைந்துள்ளது. இயற்கையில் இல்லாத ஒரு பொருளை, கணினியில் வகுத்த பாதை வழியே பாக்டீரியா தொழிற்சாலை அளவில் தயாரிப்பது இன்று கற்பனை இல்லை.

எனினும், செல்லின் கணக்கு நேரானால் சந்தையின் கணக்கும் நேராகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் இதற்குப் பாடம். சீனம், வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் பயிராகும் ஒருவகை மாசிப்பச்சைச் செடியிலிருந்து கிடைப்பது அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங்கின் குழு, அதன் முன்னோடிப் பொருளை ஈஸ்டில் தயாரிக்கும் வழியை 2006-இல் காட்டியது. 2013-இல் விளைச்சல் லிட்டருக்கு 25 கிராமை எட்டியது. அறிவியல் வெற்றி என்பதில் ஐயமில்லை. சனோஃபி நிறுவனம் இத்தாலியில் ஆலை தொடங்கியது. ஆனால், பயிரிடும் பரப்பு பெருகியதால் செடியிலிருந்து கிடைக்கும் ஆர்டிமிசினினின் விலை கிலோவுக்கு 250 டாலருக்கும் கீழே இறங்கியது. இலாபமின்றி விற்றாலும் ஈஸ்ட் வழி மருந்துக்கு 350 டாலருக்குக் குறையாமல் விலை வைக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே சனோஃபி அந்த ஆலையை விற்றுவிட்டது. விலை இறங்கியதில் நட்டப்பட்டவர்களுள் சிறு விவசாயிகளும் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு கலன் பல ஊர்களின் பயிருக்குப் போட்டியாக நிற்கும்போது, அந்த ஊர்களுக்கும் ஏதேனும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

நமக்கு என்ன: இந்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ‘பயோ-இ3’ என்னும் உயிரி உற்பத்திக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுக்குமான உயிரித் தொழில்நுட்பம் என்பது அதன் பொருள். உயிரிவழி வேதிப்பொருள்களும் நொதிகளும் அதன் முதன்மைத் துறைகளுள் அடங்கும். கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது ஏற்ற திசைதான். ஆனால், இந்தத் திசையில் நடக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

முதலாவது, சர்க்கரை எங்கிருந்து வரும்? மேலே கண்ட உச்சவரம்பின்படி, ஒரு டன் பியூட்டேன்டையாலுக்குக் குறைந்தது 1.83 டன் குளுக்கோஸ் வேண்டும். எட்டிவில் ஆலை முழுக் கொள்ளளவில் இயங்க, ஆண்டுக்குக் குறைந்தது 1.2 லட்சம் டன் குளுக்கோஸ் தேவை. 25 லட்சம் டன் பியூட்டேன்டையால் முழுவதையும் இவ்வழியில் தயாரிப்பதானால் சுமார் 46 லட்சம் டன் தேவைப்படும். இந்தியாவின் ஆண்டுச் சர்க்கரை உற்பத்தியான ஏறத்தாழ 3 கோடி டன்னோடு ஒப்பிட்டால், அதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு வேதிப்பொருளுக்கு இவ்வளவு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காகக் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் ஏற்கெனவே ஆலைகளுக்குச் செல்கின்றன. கரும்பு குடிக்கும் நீரைப் பற்றிக் காவிரிப் படுகைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற எச்சங்களிலிருந்து சர்க்கரை பெறும் முறைகள் விலையில் கட்டுப்படியாகும்வரை, உணவுக்கும் ஆலைக்கும் இடையிலான இந்தப் போட்டியைக் கொள்கை வகுப்பவர்கள் மறைத்துப் பேசுவதற்கில்லை.

இரண்டாவது, பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு திட்டமும் மூன்று எண்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொடுத்த சர்க்கரையில் எத்தனை விழுக்காடு பொருளாகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உற்பத்தியாகிறது. ஒரு லிட்டரில் எவ்வளவு சேர்கிறது. முதல் எண் மூலப்பொருள் செலவையும், இரண்டாவது கலனின் செலவையும், மூன்றாவது பிரித்தெடுக்கும் செலவையும் தீர்மானிக்கின்றன. ‘நுண்ணுயிரியில் தயாரித்துவிட்டோம்’ என்ற செய்திக்குறிப்பில் இம்மூன்றும் இல்லையெனில், அது இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை என்றே கொள்ள வேண்டும். மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகளைக் கையாள்வதற்கு 1989-ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் உள்ளன. புதிய ஆலைகள் பெருகும்போது, கழிவோடு உயிருள்ள செல்கள் வெளியேறாமல் கண்காணிக்கும் ஆள்பலமும் கருவிகளும் அந்த விதிகளுக்கு ஈடாக வளர வேண்டும்.

மூன்றாவது, கல்வி. இந்தத் துறையில் நுழைவதற்குப் பல கோடி ரூபாய் ஆய்வகம் தேவையில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு அரிய வாய்ப்பு. ஈ.கோலை உள்ளிட்ட பல உயிரிகளின் மாதிரிகள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ‘பிக்’ என்னும் தரவுத்தளத்தில் எவரும் பெறக்கூடிய வகையில் உள்ளன. கணக்கிடும் மென்பொருளான ‘கோப்ராபை’ இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை ஐஐடியில் இத்துறையில் ஆய்வுகள் நடந்துவருகின்றன. மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் படிக்கும் மாணவியும் ஒரு மடிக்கணினியோடு இதைச் செய்து பார்க்க முடியும். அவருக்குக் குறுக்கே நிற்பது கருவியில்லாமை அன்று, நம் பாடத்திட்டத்தின் பிரிவினை. மேல்நிலைப் பள்ளியில் கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியல், விலங்கியல் படிக்கும் மாணவர்கள் பலர். கல்லூரியின் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் வகுப்புகளிலும் அவர்களுக்குக் கணிதம் பெயரளவுக்கே கிடைக்கிறது. நேரியல் திட்டமிடலைப் படிக்கும் வணிகவியல் மாணவருக்கு அது செல்லுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. செல்லைப் படிக்கும் மாணவருக்கு அந்தக் கணிதமே அறிமுகமாவதில்லை. இளநிலை உயிரியல் பாடங்களில் ஒரு பருவம் இதற்கென ஒதுக்கினால், உள்ளூர்ச் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்று கணக்கிடும் இளைஞர்கள் இங்கேயே உருவாவார்கள்.

மனிதன் நுண்ணுயிரிகளைக் கொண்டு தயிரும் கள்ளும் செய்த காலம் தொட்டு, அவை விரும்பித் தருவதை வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது நமக்கு வேண்டியதை அவற்றிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு கிலோ சர்க்கரைக்கு எவ்வளவு கிடைக்கும், அதற்கு எந்த நிலம், எவ்வளவு நீர், யாருடைய பிழைப்பு ஈடாகும் என்ற கணக்கை எழுதாமல் போடப்படும் ஆலைக்கு, பின்னர் அந்தக் கணக்கை எழுதப்போவது கடன் கொடுத்த வங்கியும் கரும்பு போட்ட விவசாயியும்தான். முதலிலேயே எழுதிவிடுவதற்கான கருவி இப்போது நம் கையில் இருக்கிறது.